‘நலம்’ என்னும் சொல்: வில்பிரெட் ஓவன் தாய்க்கு எழுதிய கடிதங்களில் கூற்றும் எச்சமும்

முன்னுரை

தமிழர் கடித வழக்கில் முதலில் இடம்பெறும் சொல் ‘நலம்’ என்பதாகும். எழுதுவோர் தம் நலத்தைத் தெரிவித்துப் பெறுவோர் நலத்தை வினவிய பின்னரே செய்திக்குள் நுழைவர். போரில் பாதிப்புற்று மருத்துவமனையில் தங்கியிருக்கும் வீரன் வீட்டுக்கு எழுதும் மடலில் இச்சொல் எளிய சொல்லாக நிற்பதில்லை. நலமில்லை என்று எழுதினால் தாய் வருந்துவாள். நலம் பெற்றுவிட்டேன் என்று எழுதினால், மகன் மீண்டும் களத்துக்கு அனுப்பப்படுவான் என்பதை அவள் உணர்ந்து இன்னும் மிகுதியாக வருந்துவாள். குணமடைதலே ஆபத்துக்குத் திரும்பும் வழியாகிவிடும் இந்நிலையில், உண்மையையும் ஆறுதலையும் ஒருங்கே ஒரு தாளில் எழுதுவது எங்ஙனம்?

முதல் உலகப்போரின் ஆங்கிலக் கவிஞர்களுள் முதன்மையானவராகப் போற்றப்படும் வில்பிரெட் ஓவன் (1893 - 1918), 1917 கோடை முதல் 1918 அக்டோபர் இறுதி வரை தம் தாய் சூசன் ஓவனுக்கு எழுதிய கடிதங்கள் இவ்வினாவுக்கு விடைகாண உதவுகின்றன. இக்கடிதங்களைக் கவிதைகளுக்கான மூலப்பொருளாகக் காண்பதே திறனாய்வாளரிடையே பெருவழக்கு. கவிதையில் வரும் ஒரு காட்சி எந்தக் கடிதத்தில் முதலில் தோன்றியது என்று தேடும் முயற்சி பயனுடையதே. எனினும் அம்முயற்சி, கடிதம் ஒருவரை நோக்கி எழுதப்படுவது என்னும் அடிப்படை இயல்பைக் கவனத்திற் கொள்வதில்லை. கேட்போர் யார் என்பதைப் பொறுத்தே ஓவனின் கூற்று அமைகிறது என்பதையும், தாய்க்குக் கடிதம் சொல்லாமல் விட்டதைக் கடிதத்தோடு அனுப்பிய கவிதை சொல்லிற்று என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

இதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், எச்சம், முன்னம் ஆகியன கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. இவை செய்யுளுக்கு உரியனவாகச் சொல்லப்பட்டவை, கடிதமோ உரைநடை. ஆயினும் இன்ன இடத்தில் இன்னார் இன்னாரிடம் கூறத்தக்க சொல் இது என்று உணர்த்தும் ‘முன்னம்’, வேறெந்த இலக்கிய வகையினும் கடிதத்துக்கு மிகப் பொருந்துவதாகும். சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் நிரப்பிக்கொள்ளுமாறு விடப்படும் ‘எச்சம்’ என்பதும் அத்தகையதே.

கடிதத் தொகுப்பும் அதன் இடைவெளிகளும்

ஓவனின் கடிதங்கள் அவருடைய தம்பி ஹெரால்ட் ஓவன், ஜான் பெல் ஆகியோரால் பதிப்பிக்கப்பெற்று 1967இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தன. 600க்கும் மேற்பட்ட கடிதங்களைக் கொண்ட அத்தொகுப்பில் மிகப் பெரும்பகுதி தாய்க்கு எழுதப்பட்டவை. அவற்றை ஒன்றுவிடாமல் காத்து வைத்தவர் சூசன் ஓவனே. ஆகவே இத்தொகுப்பு, எழுதியவரின் திறனுக்குச் சான்றாவது போலவே பெற்றவரின் பேணுதலுக்கும் சான்றாகும்.

எனினும் நமக்குக் கிடைப்பது முழுமையான பனுவல் அன்று. குடும்பத்தாரின் மதிப்புக்குக் குறைவு நேரும் எனக் கருதிய பகுதிகளை ஹெரால்ட் மையால் அடித்தும் கத்தரித்தும் நீக்கினார் என்பதை ஓவன் ஆய்வாளர் பலரும் சுட்டியுள்ளனர். எழுதும்போது மகன் விட்ட இடைவெளி ஒன்று. பதிப்பிக்கும்போது தம்பி உண்டாக்கிய இடைவெளி மற்றொன்று. முன்னையது எச்சம், பின்னையது சிதைவு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாத வாசிப்பு, தம்பியின் கூச்சத்தை மகனின் மௌனமாகக் கொள்ளும் பிழைக்கு இடந்தரும்.

அதே போரில் பங்கேற்ற இந்தியப் படைவீரர்களின் கடிதங்களோடு ஒப்பிடும்போது இந்நிலை மேலும் தெளிவாகும். 1914, 1915ஆம் ஆண்டுகளில் பிரான்சில் போரிட்டுக் காயமுற்று, இங்கிலாந்தின் பிரைட்டன் முதலிய ஊர்களின் மருத்துவமனைகளில் தங்கிய இந்திய வீரர் பலர் தம் ஊருக்கு மடல் எழுதினர். எழுத்தறியாதோர் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். அம்மடல்கள் ஊரில் பலர் கேட்கப் படிக்கப்பட்டன. தணிக்கை அலுவலர் எடுத்தெழுதிய ஆங்கில மொழிபெயர்ப்புப் பகுதிகளாகவே அவற்றுள் பெரும்பாலானவை இன்று எஞ்சியுள்ளன. டேவிட் ஒமிசி 1999இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை வெளியிட்டார். இந்திய வீரரைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் குறித்து எழுதிய மடல்கள் அவற்றுள் உண்டு. தணிக்கையாளருக்கு ஒன்றாகவும் வீட்டாருக்கு வேறொன்றாகவும் பொருள்படுமாறு எழுதும் இம்முறை முன்னம் என்பதன் நடைமுறை வடிவமேயாகும்.

ஓவன் ஓர் அதிகாரி. அதிகாரிகளின் கடிதங்கள் அவர்தம் நேர்மையை நம்பிப் பெரும்பாலும் படைப்பிரிவில் படிக்கப்படாமலே அனுப்பப்பட்டன. தம் கீழுள்ள வீரர்களின் கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்யும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. பிறர் தம் வீட்டாருக்கு எதை எழுதுகின்றனர், எதை மறைக்கின்றனர் என்பதை நாள்தோறும் கண்டவர் அவர். அவர் கடிதத்தில் காணும் மௌனம் தணிக்கையாளருக்கு அஞ்சிய மௌனம் அன்று. தாமே தேர்ந்த மௌனம்.

மருத்துவமனைக்கு முன்: மறைக்காத கூற்று

தாய்க்கு அதிர்ச்சி தரும் செய்திகளை ஓவன் எப்போதும் மறைத்தார் என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. மான்செஸ்டர் படைப்பிரிவின் இளநிலை அதிகாரியாக அவர் பிரான்சின் போர்முனையை அடைந்தது 1917 ஜனவரியில். அம்மாதம் 16ஆம் நாள் எழுதிய கடிதத்தில், கடந்த நான்கு நாள்கள் பற்றித் தாயிடம் பொய் கூறுவதற்குக் காரணம் ஏதுமில்லை என்று வெளிப்படையாகவே தொடங்கி, இரு படைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வெள்ளம் ஏறிய நிலவறையில் தம் வீரர்களோடு அடைபட்டுக் கிடந்ததை விரிவாக எழுதினார். காவலுக்கு நின்ற வீரன் பார்வையிழந்ததும் அக்கடிதத்தில் உண்டு. இது ஒளிவற்ற கூற்று.

அவ்வாண்டு மார்ச்சில் ஓவன் ஒரு நிலவறைக்குள் விழுந்து தலையில் அடிபட்டார். ஏப்ரலில் சேவி என்னும் இடத்தருகே வெடித்த குண்டு அவரைத் தூக்கி எறிந்தது. அதன்பின் பல நாள் சக அதிகாரி ஒருவரின் சிதைந்த உடலருகே பதுங்கியிருக்க நேர்ந்தது. குண்டதிர்ச்சி நோய்க்கு ஆளானவர் எனக் கண்டறியப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பின், பகைவரோ குண்டோ தம்மை நிலைகுலையச் செய்யவில்லை, அந்த உடலின் அண்மையே நிலைகுலையச் செய்தது என்னும் விளக்கத்தை அவர் மே மாதத்தில் எழுதியது தங்கை மேரிக்கு. நோயின் காரணத்தைச் சொல்லும் அச்சொற்கள் தாயை நோக்கி எழுதப்படவில்லை என்பது கருதத்தக்கது. கேட்போர்க்கு ஏற்பக் கூற்றைப் பகிர்ந்தளிக்கும் முறை இங்குத் தொடங்குகிறது எனலாம்.

களன்: கிரெய்க்லாக்கார்ட்

1917 ஜூன் 26ஆம் நாள் ஓவன் எடின்பரோவில் இருந்த கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குண்டதிர்ச்சிக்கு ஆளான அதிகாரிகளுக்கென அமைந்த மருத்துவமனை அது. அவருக்கு மருத்துவம் செய்த ஆர்தர் பிராக், செயலே மருந்து என்னும் கொள்கையுடையவர். சூழலோடு மனிதன் கொண்ட உறவு அறுபடுவதே நோய் என்றும், உழைப்பால் அவ்வுறவைத் திரும்பக் கட்டுவதே மருத்துவம் என்றும் அவர் கருதினார். நிலத்தைத் தொடும்தோறும் வலிமை பெற்ற கிரேக்கத் தொன்மப் பாத்திரமான அன்டேயசை அவர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவர் தூண்டுதலால் ஓவன் மருத்துவமனை இதழான ‘ஹைட்ரா’வுக்கு ஆசிரியரானார்; இயற்கை ஆய்வு மன்றத்தில் உரையாற்றினார்; நாடகத்தில் நடித்தார்; அருகிருந்த பள்ளியில் பாடம் நடத்தினார்.

இக்காலக் கடிதங்களை நிறைப்பவை இச்செயல்களே. இதழ் வேலை, நாடக ஒத்திகை, புதிய நண்பர்கள், ஆகஸ்டில் கவிஞர் சீக்பிரீட் சசூனைச் சந்தித்தது ஆகியன உற்சாகத்தோடு எழுதப்படுகின்றன. நோய் ஓரிரு தொடர்களில் மட்டுமே தலைகாட்டுகிறது. கெட்ட கனவுகள் இன்னும் வருகின்றன, ஆயினும் அவை மோட்டார் விபத்து போன்ற குடிமக்கள் வாழ்க்கைக்கு உரியனவாக மாறி வருகின்றன என்னும் பொருள்பட ஓரிடத்தில் எழுதுகிறார். இக்குறிப்பு இருவகையில் தொழிற்படுகிறது. கனவு வருவது உண்மை. எனவே தாயிடம் பொய்யில்லை. கனவின் தன்மை மாறுகிறது என்பது ஆறுதல். எனவே தாய்க்கு அச்சமில்லை. முந்தைய கனவுகள் எத்தகையன என்பதோ சொல்லப்படவில்லை. ‘மாறி வருகின்றன’ என்பதிலிருந்து அதைத் தாயே உய்த்துணர வேண்டும். இது குறிப்பெச்சத்தின் பாற்படும்.

செயலைப் பற்றி எழுதுவதும் இங்கு ஒரு செயலே. நாள்தோறும் வீட்டுக்கு எழுதுதல் அறுந்த உறவைக் கட்டும் முயற்சியாகிறது. பிராக்கின் மருத்துவத்தில் கடிதமும் பங்கு பெறுகிறது. அன்டேயசுக்கு நிலம் எதுவோ அதுவே ஓவனுக்குத் தாய் என்று கொள்ளின், மருத்துவமனைக் கடிதங்களின் உற்சாகம் வெறும் பாசாங்கன்று, குணமடைதலின் வழிமுறை என்பது புலனாகும்.

இணைப்பாக வந்த கவிதை

சசூனின் நட்புக்குப் பின் ஓவனின் கவிதை புதிய திசையில் சென்றது. 1917 அக்டோபர் நடுவில் தாய்க்கு எழுதிய கடிதமொன்றுடன், நச்சுப்புகைத் தாக்குதல் பற்றித் தாம் முந்தைய நாள் எழுதிய கவிதையையும் ஓவன் அனுப்பினார். அது தனிப்பட்டதன்று, இறுதி வடிவமும் அன்று என்னும் குறிப்போடு, அதன் இலத்தீன் தலைப்பு ஹொரேசின் புகழ்பெற்ற தொடர் என்பதையும், நாட்டுக்காக உயிர்விடுதல் இனியது என்பது அதன் பொருள் என்பதையும் விளக்கி, அவ்‘இனிமை’யைக் கசப்புடன் எள்ளினார். ‘டுல்சே எட் டெகோரம் எஸ்ட்’ என்று உலகம் இன்று அறியும் கவிதை அதுவே.

இக்கவிதையின் கையெழுத்துப்படிகள் சிலவற்றில், இளைஞரைப் போருக்கு அழைக்கும் பாடல்கள் எழுதிவந்த ஜெஸ்ஸி போப்பை விளிக்கும் காணிக்கைக் குறிப்பு உள்ளது. பின்னர் அது நீக்கப்பட்டது. எனவே கவிதைக்குள் விளிக்கப்படுபவர் போரைப் புகழ்ந்த பெண்மணி. அஞ்சலில் அதைப் பெற்றவரோ போருக்கு மகனை அனுப்பிய தாய். ஒரு பெண்ணை நோக்கிய சினம் மற்றொரு பெண்ணின் கைகளில் சென்று சேர்ந்தது. தாயை நோக்கி நேரடியாக எழுத இயலாத காட்சியை, மூன்றாமவரை நோக்கிய கூற்றாக மாற்றித் தாயும் கேட்குமாறு வைத்தார் ஓவன். தலைவன் சிறைப்புறத்தே நிற்க, அவனுக்குக் கேட்கும்படி தோழி தலைவியிடம் பேசும் அகமரபை அறிந்த தமிழ் வாசகர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. விளிக்கப்படுவோரும் கேட்போரும் வேறாதல் கூற்றின் வலிமையைக் கூட்டுகிறது.

ஜனவரியில் கடிதமே சுமந்த கொடுமையை அக்டோபரில் கவிதை சுமக்கிறது. கடிதம் அதற்கு உறையாக அமைகிறது. தனிப்பட்டதன்று என்னும் குறிப்பின் பொருள் இங்கு விளங்கும். கடிதம் மகன் தாய்க்குக் கூறுவது. கவிதை உலகுக்குக் கூறுவது. உலகத்தாருள் ஒருவராகத் தாயும் அதைக் கேட்கலாம். இவ்வாறு பிரித்தமையால் தாயைத் துன்புறுத்தாமலும் ஏமாற்றாமலும் இருத்தல் அவருக்கு இயன்றது.

நலம் பெற்ற பின்

1917 நவம்பரில் ஓவன் மருத்துவமனையிலிருந்து வெளியேறி ஸ்கார்பரோவில் எளிய பணிகளில் அமர்த்தப்பட்டார். அவ்வாண்டின் இறுதி நாளில் தாய்க்கு எழுதிய கடிதம் இருவகை நிறைவைப் பேசுகிறது. கவிஞராக அல்லாமல் அவ்வாண்டுக்குள் புகுந்த தாம் கவிஞராக அதினின்று வெளியேறுவதாகப் பெருமிதத்தோடு கூறும் அவர், ஓராண்டுக்கு முன் எட்டாப்ளிலிருந்த படைமுகாமில் வீரர் முகங்களில் கண்ட ஒரு பார்வையை நினைவுகூர்கிறார். அது அச்சமுமன்று, நம்பிக்கையின்மையுமன்று. எந்த ஓவியரும் நடிகரும் காட்டவியலாத வெறுமை. அதை எழுத வேண்டுமாயின் தாம் அவர்களிடம் திரும்பிச் செல்ல வேண்டும் என்னும் எண்ணமும் அதில் இடம்பெறுகிறது. கவிஞராதலும் திரும்பிச் செல்லுதலும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து வருகின்றன. முன்னையது தாய்க்கு மகிழ்ச்சி. பின்னையது தாய்க்கு அச்சம். இரண்டும் ஒன்றே என்பதை அவர் மறைக்கவில்லை.

1918 மார்ச்சில் ரிப்பன் நகரிலிருந்த முகாமுக்கு மாற்றப்பட்டார். அம்மாதம் 21ஆம் நாள் செருமானியரின் பெருந்தாக்குதல் தொடங்கியது. முன்பு தாம் நின்ற நிலம் மீண்டும் பகைவர் வசமாகிய செய்திகளுக்கிடையே, அங்கு வாடகைக்கு எடுத்த சிறு அறையில் ஓவன் தம் சிறந்த கவிதைகள் சிலவற்றை எழுதியும் திருத்தியும் வந்தார். ஜூனில் மருத்துவர் அவரை முழுப்பணிக்குத் தகுதியுடையவர் என அறிவித்தனர். இங்கிலாந்திலேயே பயிற்சி அளிக்கும் பணியை அவருக்குப் பெற்றுத்தர நண்பர்கள் செய்த முயற்சி பயனளிக்கவில்லை. ஜூலையில் சசூன் தலையில் காயமுற்றுத் திரும்பிய செய்தி கேட்டபோது, அவர் ஏந்திய தீவட்டியின் மேல் தம் சிறு மெழுகுவத்தியையும் எறிந்துவிட்டுத் தாம் மீண்டும் புறப்பட வேண்டும் என்னும் கருத்தைத் தாய்க்கு எழுதினார். ஆகஸ்டு இறுதியில் பிரான்சுக்குக் கடல் கடந்தார். நலம் என்னும் சொல்லின் விலை இதுவே.

ஒரே நிகழ்வு, இரு கேட்போர்

1918 அக்டோபர் 1, 2 ஆகிய நாள்களில் ஜான்கூர் என்னும் ஊரருகே நடந்த போரில் ஓவன் காட்டிய வீரத்துக்கு மிலிட்டரி கிராஸ் விருது வழங்கப்பட்டது. இந்நிகழ்வை அவர் அம்மாதத் தொடக்கத்தில் தாய்க்கும், 10ஆம் நாள் சசூனுக்கும் எழுதினார். சசூனுக்கு எழுதிய கடிதத்தில், தலையில் குண்டு பாய்ந்த பணியாள் ஒருவன் அரைமணி நேரம் தம்மேல் கிடந்து தம் தோளைக் குருதியால் நனைத்ததைச் சொல்லி, தம் புலன்கள் கருகிப்போயின என்றும் குறிக்கிறார். தாய்க்கு எழுதியதிலும் அவ்விளைஞன் வருகிறான். அவன் குருதி இன்னும் தம் தோளில் செந்நிறமாக இருப்பதையும், அவன் தலை சாய்ந்த அத்தோளில்தான் அண்மையில் தாயின் தலையும் சாய்ந்திருந்தது என்பதையும் குறிப்பிட்டு, அவனைப் பற்றி இப்போது எழுதலாகாது என்று நிறுத்திக்கொள்கிறார்.

இவ்விரு கூற்றுகளையும் ஒப்பிடுவோர் தாய்க்கு எழுதியதை மென்மைப்படுத்தப்பட்ட வடிவம் என்று கூறக்கூடும். ஆழ்ந்து நோக்கின் உண்மை அதற்கு மாறானது. சசூனுக்கு எழுதியதில் நிகழ்வு முழுமையாக உண்டு. ஆனால் அது நண்பருக்கு அளிக்கப்படும் செய்தி. தாய்க்கு எழுதியதில் நிகழ்வு பாதியே உண்டு. ஆயினும் விடைபெறும் பொழுதில் மகன் தோளில் சாய்ந்த தாயின் தலையும், இறக்கும் இளைஞனின் தலையும் ஒரே தோளில் வைக்கப்படுகின்றன. வீட்டுக்கும் களத்துக்கும் இடையிலான தொலைவை ஒரு சாண் அளவாகச் சுருக்கிவிடும் தொடர் இது. குருதி எவ்வளவு நேரம் வழிந்தது என்பதைத் தாய் அறியவில்லை. எங்கு வழிந்தது என்பதைத் தம் உடலாலேயே அறிந்தார். சொல்லெச்சத்தினும் குறிப்பெச்சம் வலியது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டலாம்.

இதே போர் பற்றிய மற்றொரு செய்தியும் கருதற்குரியது. தம் கைத்துப்பாக்கியால் ஒருவனை மட்டுமே சுட்டதாகவும், ஏனையோரைப் புன்னகையாலேயே சிறைப்பிடித்ததாகவும் ஓவன் தாய்க்கு எழுதினார். விருதுக்கான அரசு ஆவணமோ, அவர் கைப்பற்றிய பகைவரின் இயந்திரத் துப்பாக்கியைத் தாமே இயக்கிப் பகைவர்க்குப் பெருஞ்சேதம் விளைவித்ததாகக் கூறுகிறது. 1967ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்வாவணத்தின் வாசகம் மாறுபட்டுக் காணப்படுகிறது; துப்பாக்கியைக் கைப்பற்றிப் பலரைச் சிறைப்பிடித்தார் என்னும் அளவில் அது அமைந்துள்ளது. டொமினிக் ஹிப்பர்ட் போன்ற ஆய்வாளர்கள் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டியுள்ளனர்.

கைத்துப்பாக்கியால் சுட்டது ஒருவனையே என்பது சொல்லளவில் உண்மையாக இருக்கலாம்; இயந்திரத் துப்பாக்கி பற்றிய மௌனம் அவ்வுண்மையைக் குறையுடையதாக்குகிறது. தம் மகன் இறப்பதைக் காட்டிலும் தம் மகன் கொல்வதைத் தாய் தாங்கமாட்டார் என்று ஓவன் கருதியிருக்கலாம். சமயப்பற்று மிக்க கிறித்தவக் குடும்பத்துப் பெண்மணி அவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மகன் தாய்க்காக விட்ட எச்சத்தை, பிற்காலத்தில் அச்சிட்ட நூல் அனைவர்க்குமான உண்மையாக்கிவிட்டது. அன்பின் மௌனம் ஆவணமாக மாறும்போது அது பொய்யாகிவிடுகிறது. கடித இலக்கியத்தைப் பதிப்பிப்போரும் ஆய்வோரும் எண்ணிப்பார்க்க வேண்டிய அறச்சிக்கல் இது.

கடைசிக் கடிதம்

1918 அக்டோபர் தொடக்கத்தில் செருமனி போர்நிறுத்தம் கோரி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனை அணுகியது. போர் முடிவுக்கு வருகிறது என்பதை இருபுறத்து வீரரும் உணர்ந்தனர். படையினரிடையே அமைதிப் பேச்சு கூடாது என்று தலைமை ஆணை பிறப்பித்ததை ஓவனின் கடிதங்களிலிருந்து அறியலாம்.

அக்டோபர் 31ஆம் நாள் இரவு, ஓர்ஸ் என்னும் சிற்றூரருகே காட்டுக் காவலர் வீட்டின் நிலவறையிலிருந்து ஓவன் எழுதியது தாய்க்கான கடைசிக் கடிதமாயிற்று. ஓரடி தொலைவிலுள்ள மெழுகுவத்தியும் தெரியாத புகை, எழுதவிடாமல் இடிக்கும் நெருக்கம், குறட்டை விடும் தலைமை அதிகாரி, நகையாடும் வீரர்கள், கிழங்கின் தோலை உரித்துப் பானையிலிடும் மீசைக்காரக் கிழவீரர், ஈர விறகைப் பிளக்கும் சமையற்காரர். வெளியே முழங்கும் பீரங்கிகளைத் தாயினும் தாம் குறைவாகவே உணர்வதாகச் சொல்லும் ஓவன், அங்கு ஆபத்தில்லை என்றும், இருப்பினும் தாய் இவ்வரிகளைப் படிப்பதற்குள் அது கடந்து போயிருக்கும் என்றும் எழுதுகிறார்.

இத்தொடரின் இரண்டாம் பகுதி முதற்பகுதியை அழித்துவிடுகிறது. எழுதும் காலமும் படிக்கும் காலமும் வேறு என்பதே கடிதத்தின் இயல்பு. அவ்விடைவெளியையே ஆறுதலாக மாற்றிக் காட்டுகிறார் ஓவன். நிலவறைக்குள் உள்ளதைச் சொல்வதன் வாயிலாக வெளியே உள்ளதைச் சொல்லாமல் விடும் இக்கடிதத்தில் வீடு ஒன்று கட்டப்படுகிறது. சமையல், விறகு, நகைப்பு, உறக்கம் ஆகிய எல்லாம் இல்லத்துக்கு உரியவை. களத்தை இல்லமாக்கித் தாய்க்குக் காட்டுவதே இதன் நோக்கம்.

‘கடிதம்’ என்னும் தலைப்பில் ஓவனே ஒரு கவிதை எழுதியுள்ளார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சாதாரண வீரன் ஒருவன் மனைவிக்கு எழுதுகிறான். தான் பாதுகாப்பாக இருப்பதாகவும், போர் இவ்வாண்டே முடிந்துவிடும் என்றும் எழுதியவாறே, பக்கத்திலுள்ள தோழர்களை நோக்கிக் கடுஞ்சொற்களை வீசுகிறான். ஒரே வாயிலிருந்து மனைவிக்கு ஒரு மொழியும் தோழர்க்கு ஒரு மொழியும் பிறக்கின்றன. குண்டு பாய்ந்து வீழும் அவன், தன் மனைவிக்கு எழுதுமாறு தோழனை வேண்டுவதோடு கவிதை முடிகிறது. வீரர் கடிதங்களைத் தணிக்கை செய்தவருக்கே இக்கவிதை கைவரும். ஆறுதல் சொல்லும் கடிதத்தின் ஓட்டையை முற்றும் அறிந்த ஒருவர், தம் கடைசிக் கடிதத்தில் அதே ஆறுதலைத் தம் தாய்க்குச் சொன்னார். அறியாமையால் சொன்னதன்று; வேறு சொல் இல்லை என்று அறிந்தே சொன்னது.

கேட்போர் கூறுவோராதல்

நவம்பர் 4ஆம் நாள் காலை சாம்பர்-ஓய்ஸ் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஓவன் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 25. நவம்பர் 11ஆம் நாள் போர் முடிந்து மணிகள் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில், ஷ்ரூஸ்பரியிலிருந்த பெற்றோரை அச்செய்தி தாங்கிய தந்தி அடைந்தது. தாய் படிப்பதற்குள் ஆபத்து கடந்திருக்கும் என்னும் சொல் வேறு பொருளில் மெய்யாயிற்று.

இதன்பின் சூசன் ஓவனே பேசத் தொடங்குகிறார். 1920 ஆகஸ்டு 1ஆம் நாள் அவர் இரவீந்திரநாத தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரான்சுக்குப் புறப்படுமுன் கடலை நோக்கி நின்றபோது, தாகூரின் விடைபெறும் கவிதையொன்றின் சொற்களை மகன் தம்மிடம் கூறியதையும், அவருடைய சிறு குறிப்பேடு திரும்பி வந்தபோது அதே சொற்கள் அவர் கையெழுத்தில் தாகூரின் பெயரோடு இருந்ததையும் தெரிவித்து, அக்கவிதை எந்நூலில் உள்ளது என்று வினவினார். அது ‘கீதாஞ்சலி’யின் ஆங்கில வடிவில் உள்ளது. தம் கவிதையில் போரைச் சினந்த மகன், தாயிடம் விடைபெறுகையில் தம் சொல்லை விடுத்து வங்கக் கவிஞரின் சொல்லை எடுத்தாண்டார். தாய்க்குரிய சொல் எது என்பதில் இறுதிவரை அவர் கொண்டிருந்த கவனத்தை இது காட்டும்.

ஓர்ஸ் ஊரின் கல்லறைத் தோட்டத்திலுள்ள ஓவனின் நடுகல்லுக்குரிய வாசகத்தைத் தேர்ந்தவரும் தாயே. ‘முடிவு’ என்னும் கவிதையிலிருந்து அவர் எடுத்த அடிகள், மரணத்தை இறைவன் உண்மையிலேயே அழித்துவிடுவானா என்று மூலத்தில் வினாவாக நிற்பவை. பின்வரும் அடிகளில் அவ்வினாவுக்கு மறுப்பே விடையாகிறது. கல்லில் அத்தொடர் இடையில் நிறுத்தப்பட்டு வினாக்குறியை இழந்து, உறுதிமொழியாகிவிட்டது. மகனின் ஐயம் தாயின் நம்பிக்கையாயிற்று.

இதனைப் பிழை என்று கூறுவோர் உளர். பனுவல் நோக்கில் அது பிழையே. எனினும் எச்சத்தை நிரப்பிப் படிக்குமாறு ஓராண்டுக்கும் மேலாக மகனால் பழக்கப்பட்ட வாசகர் அவர். மகன் விட்ட இடங்களைத் தம் அன்பால் நிரப்பிவந்தவர், கடைசி இடத்தையும் அவ்வாறே நிரப்பினார். புறநானூற்று மூதின்முல்லைப் பாடல்கள் சிலவற்றில் பேசுபவர் தாய். களம் சென்ற மகன் பேசுவதில்லை. காவற்பெண்டின் பாடலில் மகன் எங்கிருக்கிறான் என்று கேட்கப்படும் வினாவுக்கும் தாயே விடை கூறுகிறாள். ஓவனின் கடிதங்களில் மகனே பேசுகிறார். தாயின் குரல் தொகுப்பில் இல்லை. மகன் மாய்ந்த பின்னர் நடுகல்லில் அக்குரல் முதன்முறையாகக் கேட்கிறது. அதுவும் மகனின் சொற்களைக் கொண்டே கேட்கிறது.

நிறைவுரை

ஓவனின் கடிதங்களைக் கவிதையின் மூலப்பொருளாக மட்டும் காணும் நோக்கு அவற்றின் தனித்தன்மையை மறைத்துவிடுகிறது. மருத்துவமனைக்கு முன் தாய்க்கு அனைத்தையும் கூறிய கடிதம், குணமடையும் காலத்தில் கொடுமையைக் கவிதையிடம் ஒப்படைத்தது. களம் திரும்பிய பின் எச்சத்தாலேயே பேசிற்று. தாய்க்கு எழுதியவற்றில் உண்மை குறைவு என்பதும், நண்பருக்கு எழுதியவற்றில் உண்மை முழுமை என்பதும் எளிய தீர்ப்புகள். கூறியவர், கேட்டவர், களன் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கண்டால் ஒவ்வொரு கடிதத்துக்கும் உரிய உண்மை வேறு என்பது புலப்படும்.

அம்மௌனத்தைப் போற்றுவதற்கும் எல்லை உண்டு. இயந்திரத் துப்பாக்கியைப் பற்றித் தாயிடம் கூறாதது மகனின் உரிமை. அதை வாசகரிடமிருந்து மறைத்தது பதிப்பின் குறை. போர்க்காலக் கடிதங்களை ஆராயும் எவரும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டைக் காத்தல் வேண்டும். நலம் என்று எழுதிய கை நடுங்கியதா என்பதை அச்செழுத்து காட்டாது. அதைத் தேடிக் காண்பதே திறனாய்வின் பணியாகும்.